நாள் குறிப்பது யார்?

விரிஞ்சிபுரத்தில் காலையில் ஷூ கம்பெனி வண்டி ஏறுகிறவர்களில் ஒருத்திக்குக் கன்னம் வீங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாத்ரூமில் வழுக்கிவிட்டதாகச் சொல்கிறாள். பக்கத்து சீட்டுக்காரி அதை நம்பவில்லை. போன மாதமும் இதே வழுக்கல்தான். இப்போது இந்தப் பக்கத்து சீட்டுக்காரி என்ன செய்வது அறம்?

சட்டம் அவளுக்கு வழி விட்டிருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி, வன்முறை நடந்தது, நடக்கிறது, நடக்கக்கூடும் என்று நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலரிடம் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் வழக்குப் போட முடியாது. அடிபட்டவளிடம் முதலில் சம்மதம் வாங்கு என்று அந்தப் பிரிவு கேட்கவும் இல்லை. ஆனால் சட்டம் அனுமதிப்பதையெல்லாம் செய்தே ஆக வேண்டுமா?

செய்தே ஆக வேண்டும் என்பவர்களின் வாதம் லேசானதல்ல. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் அளவில் கணவனின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். இந்திய அளவில், உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளான பெண்களில் உதவி தேடியவர்கள் 14 சதவீதம்தான். அவளே வாய் திறக்கட்டும் என்று ஊர் காத்திருந்தால் காலம் முழுக்கக் காத்திருக்க வேண்டியதுதான். ‘அவங்க வீட்டு விவகாரம், நமக்கெதுக்கு’ என்று ஒதுங்கியவர்கள் ஏற்கெனவே போதுமான கேடு செய்திருக்கிறார்கள்.

அதற்காக அவளைக் கேட்காமல் ஆள் அனுப்பிவிட்டால் என்ன ஆகும்? அந்தத் தகவல் நீதிமன்றத்தில் மனுவாகப் போனால், நோட்டீஸ் கைக்கு வந்த இரண்டு நாளுக்குள் பாதுகாப்பு அலுவலர் அதை எதிர்த்தரப்பிடம் சேர்க்க வேண்டும் என்பது பொது விதி. அந்தக் காகிதத்தைப் படிக்கிறவனும் அவளும் அன்றிரவு ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். கணவன் கையால் நேர்ந்த கொலைகளை ஆராய்ந்த அமெரிக்கச் செவிலியர் ஜாக்குலின் கேம்பெல் போன்றவர்கள் கண்டது, பெண் பிரிந்து போகும் தறுவாயில்தான் ஆபத்து ஏறுகிறது என்பது. போகாமல் இருக்கிறவளைக் கோழை என்பவர்கள் இதை யோசிப்பதில்லை. அவள் பல நேரம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

என்ன கணக்கு? சம்பளம் அவள் பெயரில்தான் பேங்கில் விழுகிறது. ஏடிஎம் கார்டு அவன் சட்டைப்பையில். ஓடிபி வருவதும் அவன் போனுக்கு. பிஎஃப் கணக்கில் நாமினி அவன்தான். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் நகையின் அடகுச் சீட்டும் பீரோவில், பீரோ சாவி மாமியார் இடுப்பில். குழுக் கடனில் இன்னும் தவணை பாக்கி. அவள் பாதியில் போனால் அதே தெருவின் மற்றப் பெண்கள் தலையில் அது விழும் என்பதும் அவளுக்குத் தெரியும். பெரியவளுக்குப் பரீட்சை முடியவில்லை. இதையெல்லாம் ஒவ்வொன்றாக அவிழ்க்க நாளாகும். ரேஷன் கார்டை ஒருநாள் போட்டோ எடுப்பாள், இன்னொரு நாள் அம்மா பெயரில் ஐநூறு ரூபாய் சேர்ப்பாள். 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லாததால், காசு கேட்காமலும் கணக்குச் சொல்லாமலும் போய் விசாரித்துவிட்டு வர முடிகிறது. அந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பயனைச் சொல்லிக் கேட்பது அரிது.

2006ஆம் ஆண்டு விதிகளில் ஐந்தாம் படிவம் என்று ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயரே பாதுகாப்புத் திட்டம். நடந்த வன்முறை, அதன் விளைவு, அவள் அஞ்சுவது எது, அவளுக்குத் தேவைப்படும் பாதுகாப்பு, நீதிமன்றத்திடம் கோரும் உத்தரவு என்று கட்டங்கள். நிலைமை எவ்வளவு அபாயகரமானது என்று மதிப்பிட்டு, அவளைக் கலந்துகொண்டு அதைத் தயாரிக்க வேண்டும் என்கிறது 8ஆம் விதி. மதிப்பிடுவது அலுவலர் வேலை. கலந்துகொள்ளாமல் நிரப்பினால் அது அவளுடைய திட்டம் அல்ல. ‘அனுசரிச்சுப் போம்மா’ என்று திருப்பி அனுப்புகிற பெரியவரும், ‘இன்னிக்கே கிளம்பு’ என்று கையைப் பிடித்து இழுக்கிற தோழியும் இந்த ஓரிடத்தில் ஒன்றுதான். இருவரும் அவளுக்காகத் தாங்கள் நாள் குறிக்கிறார்கள். விரிஞ்சிபுரம் கோயிலில் இருப்பவர் வழித்துணைநாதர். கள்ளருக்கு அஞ்சிய மிளகு வணிகனுக்குக் காவல்வீரனாகத் துணை போனார் என்கிறது தலபுராணம். எங்கே போவது என்று தீர்மானித்தது வணிகன்தான்.

அவளே நாள் குறிக்கட்டும் என்பதற்கும் எல்லை உண்டு. அவன் கழுத்தை நெரித்திருந்தால், கத்தி எடுத்திருந்தால், பிள்ளைமேல் கை வைத்திருந்தால் அவள் குறிக்கும் நாளுக்குக் காத்திருக்க முடியாது. நெரித்த கை பிறகு கொல்லவும் கூடும் என்பதற்கு ஆய்வுகள் உண்டு. அப்போது பெண்கள் உதவி எண்ணான 181க்குப் பேசுவது கடமை. அப்போதும் முடிந்தால் முதலில் அவளிடம் சொல்லிவிட்டுப் பேச வேண்டும். கூட்டாளி தன் முதுகுக்குப் பின்னால் போனாள் என்று தெரிந்தால், அடுத்த முறை அவள் எவரிடமும் சொல்ல மாட்டாள்.

அவள் கிளம்பிய மறுநாள் அவன் கம்பெனி கேட்டில் வந்து நிற்பான். எந்த ஷிப்ட், எந்த வண்டி என்று கேட்பான். தெரியாது என்று செக்யூரிட்டி பொய் சொல்லலாமா? பொய்ம்மைக்கு விலக்குத் தேடிக் குறளை இழுக்க வேண்டியதே இல்லை. தொழிலாளியின் நேரத்தையும் போக்குவரத்தையும் வெளியாளிடம் சொல்வதில்லை என்று கம்பெனி ஒரு வழக்கம் வைத்திருந்தால் போதும், கணவனும் வெளியாள்தான். அந்த வழக்கம் இல்லாத இடத்தில் பொய்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பழி செக்யூரிட்டியுடையது அல்ல.

இவ்வளவிலும் உறுத்துவது வேறு. அடித்தவன் வீட்டில் இருக்க, அடிபட்டவள் ஏன் பை கட்ட வேண்டும்? சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 17ஆம் பிரிவு அவளுக்கு அந்த வீட்டில் வசிக்கும் உரிமை தருகிறது. வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் அந்த உரிமையைக் கோரலாம் என்று 2020இல் சதீஷ் சந்தர் அஹூஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 19ஆம் பிரிவின்படி அவனை வெளியேறச் சொல்லலாம். ஆனால் பெண் எவரையும் அதன்கீழ் வெளியேற்ற முடியாது. அவன் போன பிறகும் பீரோ சாவியோடு மாமியார் அங்கேதான் இருப்பாள்; வாசலில் மைத்துனன் இருப்பான். உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டும் பல பெண்கள் அம்மா வீட்டுக்கே போவது அதனால்தான்.