பி சைடில் இருந்தவை

தொண்ணூறுகளில் படக் கேசட் வாங்கியவர்கள் கொடுத்து வைத்தவர்கள். பிடித்த பாட்டுக்குத் தாவ முடியாது. நாடாவை ஓட்டி ஓட்டிச் சலித்து, பிடிக்காததையும் கேட்டுவிடுவோம். கோலியனூர் கூட்டுரோட்டில் பஸ் ஏறி விழுப்புரம் போய் ஒரு ரஹ்மான் கேசட் வாங்கிவந்தால், அடுத்ததற்குக் காசு சேரும்வரை அதுதான். 'டூயட்' (1994) கேசட்டில் கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோனோடு, பாட்டுகளுக்கு நடுவே கவிதை வாசிப்புகளும் வரும். நான் கேட்ட எந்த 'ரஹ்மான் ஹிட்ஸ்' தொகுப்பிலும் அந்தக் கவிதைகள் இல்லை.

'திருடா திருடா'வில் (1993) 'ராசாத்தி' பாட்டுக்கு வாத்தியமே கிடையாது. ஷாகுல் ஹமீதின் குரல், சுற்றிலும் கோரஸ், அவ்வளவுதான். அதிரும் மற்ற பாட்டுகளுக்கிடையே அது வரும்போது நெஞ்சு அடைக்கும். ஹிட்ஸ் தொகுப்பில் அதே பாட்டு பத்தோடு பதினொன்று. பாட்டு மாறவில்லை, பக்கத்தில் இருந்தவை போய்விட்டன.

அதே 1993இல்தான் அமெரிக்காவின் நிர்வாணா குழு 'இன் யுடேரோ'வை வெளியிட்டது. 2002இல் வந்த அவர்களுடைய 'பெஸ்ட் ஆஃப்' தொகுப்பு, அதுவரை வெளிவராத ஒரே ஒரு பாட்டை முதலில் வைத்து, மற்றபடி பழைய பாட்டுகளையே திரட்டித் தந்தது. 2013இல் வந்த 'இன் யுடேரோ' மறுவெளியீடோ மூல ஆல்பத்தை முழுதாக வைத்துக்கொண்டு, ஸ்டீவ் ஆல்பினி செய்த புது மிக்ஸையும் சேர்த்தது. எதையும் கழிக்காமல் கூட்டிய அந்த வேலைதான் எனக்கு உசத்தி.

ஒரு தொகுப்புக்கு மட்டும் விலக்குத் தருவேன். ரெக்கார்டிங் சென்டரில் நாமே பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கிய 60 நிமிடக் கேசட். பக்கத்துக்கு 30 நிமிடம், கடைசிப் பாட்டு பாதியில் அறுந்து நிற்கும். ஆனால் அந்த வயதில் நாம் யாராக இருந்தோம் என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி இல்லை.

மறைந்த பெரியவர்களைப் பற்றியும் நாம் ஹிட்ஸ் தொகுப்புதான் போடுகிறோம். கட்டிய வீடு, கரையேற்றிய பிள்ளைகள், ஊரில் வாங்கிய நல்ல பெயர். நொடித்த வியாபாரத்தையும், யாரோடும் பேசாமல் இருந்த வருஷங்களையும் விட்டுவிடுகிறோம். அவற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்த வீடு எத்தனை பெரிய காரியம் என்பது விளங்கும்.

பரணில் பழைய படக் கேசட் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். டேப் ரெக்கார்டர் இல்லையென்றால் செல்போனிலாவது, அட்டையில் அச்சிட்ட அதே வரிசையில், ஒன்றையும் தாண்டாமல் கேளுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், நொடித்த அந்த வியாபாரத்தைப் பற்றியும் இப்போதே கேட்டு வையுங்கள்.