விரிப்பின் மேல் ஒரு குண்டு

இயற்பியல் முதலாண்டு மாணவனுக்கு ஐன்ஸ்டீனின் ஈர்ப்பைச் சொல்ல வேண்டி வந்தால் எல்லோரும் ஒரே படிமத்தைத்தான் எடுக்கிறோம். இழுத்துக் கட்டிய ரப்பர் விரிப்பு, நடுவில் இரும்புக் குண்டு, விரிப்பு குழிகிறது, ஓரத்தில் விட்ட கோலி குழியை நோக்கி உருள்கிறது. வளைந்த வெளி இதுதான் என்று முடித்துவிடுகிறோம். நானும் பல வருஷம் அப்படி முடித்தவன்தான். சின்னமனூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் கேட்டான்: "குண்டு எதனால சார் கீழ அமுங்குது?"

பூமி இழுப்பதால். எதை விளக்க வந்தோமோ அதையே விரிப்பின் அடியில் ஒளித்துவைத்திருக்கிறோம்.

எளிமைப்படுத்துவதை நான் குறை சொல்லவில்லை. ஆரம்ப மாணவனிடம் எல்லாவற்றையும் சொல்ல முடியாது. என் சங்கடம் வேறு. அந்தப் படிமம் அவனைத் திருப்திப்படுத்திவிடுகிறது. கேள்வி அங்கேயே அடங்கிப்போகிறது. புரிதலுக்குப் பதிலாகப் புரிந்த உணர்வைக் கொடுத்தனுப்புவது மோசடி. நம் கவிதைப் படிமங்கள் பலவற்றிலும் எனக்கு இந்தச் சந்தேகம் உண்டு; அது வேறு கட்டுரை.

அந்தப் பையனின் ஊருக்கு மேலேயே இன்னொரு வழி இருக்கிறது. சின்னமனூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் மேகமலைக்கு ஏறினால் உயரம் சுமார் 1100 மீட்டர் கூடும். மேலே தேயிலைத் தோட்டத்தில் ஒரு கடிகாரம், கீழே வயலோரம் ஒன்று. மேலே இருப்பது நாளொன்றுக்குச் சுமார் 10 நானோ விநாடி முந்தும். நாம் அன்றாடம் ஈர்ப்பு என்று உணர்வது ஏறக்குறைய முழுதும் இதுதான். ஒரு பக்கச் சக்கரம் மெதுவாகச் சுழன்றால் வண்டி அந்தப் பக்கம் திரும்புவதுபோல, காலம் மெதுவாக ஓடும் பக்கம் பாதை சாய்கிறது. கையிலிருந்து விட்ட கல் முதல் விநாடியில் 5 மீட்டர் விழுகிறது. ஒளியின் வேகத்தை அளவுகோலாகக் கொண்டால், அதே விநாடியில் அது காலத்தின் திசையில் 3 லட்சம் கிலோமீட்டர் போயிருக்கிறது. அவ்வளவு நீளத்தில் இம்மியளவு கோணல் போதும். ரப்பர் விரிப்பில் காலமே கிடையாது.

பள்ளத்தாக்குக்கு வடக்கே, கொடைக்கானல் வானாய்வகத்தில், 1923-ல் ஓய்வு பெறும்வரை ஜான் எவர்ஷெட் இதையே சூரியனில் தேடினார். அங்கே காலம் மெதுவாக ஓடினால் நிறமாலைக் கோடுகள் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு சிவப்புப் பக்கம் நகர வேண்டும். சூரிய வாயுக்களின் ஏற்ற இறக்கமும் கோடுகளை நகர்த்தி அளவைக் குழப்பியது.

கடிகாரமும் முழு உண்மையில்லை. 1911-ல் ஐன்ஸ்டீன் காலத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டபோது, சூரியனருகே ஒளி வளையும் அளவில் பாதிதான் வந்தது. வெளியின் வளைவையும் சேர்த்த 1915-ல் அது இரட்டிப்பானது. 1919 கிரகணம் அதன் பக்கம் நின்றது. ஆனால் இது பிடிபடக்கூடிய பாதி. விரிப்பை எந்தக் கிரகணத்தாலும் பிடிக்க முடியாது. அது எண் எதையும் சொல்வதில்லை.

மறுவாரம் வகுப்பில் இரண்டு கடிகாரங்களைச் சொன்னேன். "அப்ப மேல இருக்கவங்களுக்குச் சீக்கிரம் வயசாகுமா சார்?" என்றான். ஆகும் என்றேன். வருஷத்துக்கு எவ்வளவு என்று கரும்பலகையில் போடச் சொன்னேன். நாலு மைக்ரோ விநாடி வந்தது. வகுப்பு சிரித்தது. அவன் சாக்கட்டியைக் கீழே வைக்கவில்லை.