சாத்தும் மாலையும் கட்டும் கையும்

எம்பெருமானுக்குச் சாத்தும் மாலையில் கைத்திறம் எவ்வளவு இருக்கலாம்? திறம் மிக மிக அது கைங்கர்யமாகவே நிற்குமா, கட்டினவனுடைய பெருமையாக மாறிவிடுமா?

சுண்ணாம்பாற்றங்கரையிலுள்ள நோணாங்குப்பத்தில் நின்று இதை எண்ணினால் இரண்டு திசைகளும் கூப்பிடுகின்றன. வடக்கே புதுச்சேரி. அங்கே அரவிந்தர் ஆசிரமத்துச் சமாதியின்மேல் நாள்தோறும் பூக்கள் அடுக்கப்படுகின்றன. 1916 முதல் 1920 வரை ஜப்பானில் வாழ்ந்த ஆசிரம அன்னை, நூற்றுக்கணக்கான மலர்களுக்கு ஆன்மிகப் பொருள்படும் பெயர்களைச் சூட்டினார். தெற்கே கடலூர்ச் சாலை வழியே சென்றால் தேவநாதன் எழுந்தருளியிருக்கும் திருவஹீந்திரபுரம். அங்கே பூவுக்குத் துளசியோடு உறவு.

ஜப்பானியரின் இக்கெபானாவும் சன்னிதியில் வேர்கொண்டதே. கியோத்தோ நகரின் ரொக்ககுடோ என்னும் பௌத்தக் கோயிலில் பூ வைத்த குருமார் வழியில் இக்கெனோபோ மரபு எழுந்தது. பின்னரே அக்கலை வீட்டு மாடத்துக்கும் கண்காட்சிக்கும் பரவியது. ஒரு கிளை, இரண்டொரு மலர், சுற்றிலும் வெற்றிடம். எட்ட நின்று பார்க்க வைத்த பூ அது. நம் மாலையிலோ மலர்கள் நெருங்கி, வாழைநாரின் முடிச்சும் மறைந்து, தனிப்பூ என்று ஒன்று தெரிவதில்லை. திருமேனியில் சேர்ந்த பிறகே அது மாலையாகிறது. சேர்ந்த பின்னும் சேவிப்பவர் கண் மாலையிலேயே நின்றுவிட்டால் எங்கோ பிழை நேர்ந்திருக்கிறது.

பெரியாழ்வார் பூச்சூட்டல் பதிகத்தில் செண்பகம், மல்லிகை, பாதிரி, இருவாட்சி என்று பூக்களைச் சொல்லிப் பிள்ளையை அழைக்கிறார். நந்தவனம் வைத்தவருக்குத் தொடுக்கும் வகை தெரியாததன்று. ஆயினும் அங்கே தொடையின் நேர்த்தியைப் பற்றிப் பேச்சில்லை. மாடு மேய்க்கப் போய்த் திருமேனி வாடுகிறதே என்ற தாயின் கவலையே பேசுகிறது. அதற்காக எப்படிக் கட்டினாலும் போதும் என்று கொள்ளலாகாது. வடமதுரையில் கண்ணனுக்குப் பூக்கொடுத்த மாலாகாரர் அழகிய மலர்களாகத் தேர்ந்தே ஸமர்ப்பித்தார். அன்புள்ள கை நேர்த்தியைத் தானே தேடும்.

எல்லையை எங்கே வைப்பது? திருவாய்மொழி முதற்பத்தின் ஆறாம் பதிகத்து வ்யாக்யானத்தில் ஓர் ஐதிஹ்யம் உண்டு. எம்பெருமானுக்கு இன்ன பூதான் வேண்டும் என்ற நியமமில்லை என்று பட்டர் அருளிச்செய்தார். கண்டங்கத்திரிப் பூவைச் சாத்தலாகாது என்று சாஸ்த்ரம் விலக்கியிருக்கிறதே என்றார் நஞ்சீயர். அவனுக்கு ஆகாது என்று விலக்கவில்லை, பறிக்கும் அடியார் கையில் முள் தைக்குமே என்று விலக்கியது என்பது பட்டர் அருளிய விடை.

இவ்விடையை நம் காலத்து அலங்காரங்களுக்கும் உரைகல்லாகக் கொள்ளலாம் என்றே அடியோங்களுக்குத் தோன்றுகிறது. முள் இன்று வேறு உருவில் வருகிறது. மல்லிகை மொட்டை இருட்டிலேயே பறிக்கும் பெண்கள், பூச்சிமருந்து தெளித்த செடிக்குள் கைவிடுகிறார்கள். விமானத்தில் வந்த ஆர்க்கிட் மலர்களைச் செருகிய ஃபோம் கட்டிகள், உத்ஸவம் முடிந்த மறுநாள் மக்காத குப்பையாகக் கிடக்கின்றன. அவற்றை அள்ளுபவருக்கும் கை உண்டு. பந்தல் எத்தனை ஆயிரம் பூவால் ஆனது என்று விளம்பரம் செய்கிறோம். பறித்த கை எத்தனை என்று யாரும் எண்ணுவதில்லை.

விலைக்கு வாங்கிய பூ ஆகாது என்று சொல்ல வரவில்லை. நந்தவனமில்லாத ஊரில், பனிக்காலத்தில், கடைப்பூவன்றி வேறு வழியில்லாத அடியார்கள் பலர். அவர்கள் ஒரு கூடைக்குப் பதில் ஒரு கைப்பிடி வாங்கலாம். ஜன்னலோரத் தொட்டியில் வளர்ந்த துளசித்தளம் ஒன்றை அதனோடு சேர்க்கலாம். முதலில் நின்றுபோக வேண்டியது, அலங்காரம் முடிந்தவுடன் கட்டினவர் பெயரை ஒலிபெருக்கியில் அறிவிக்கும் வழக்கம்.