எலியாவுக்கு முதலில் அப்பம்



இன்றைய முதல் வாசகத்தில் எலியா சாவைக் கேட்கிறார். கர்மேல் மலையில் பாகாலின் பொய்வாக்கினர் 450 பேரைத் தனியாளாக எதிர்த்து நின்றவர்தான். அரசி ஈசபேலின் மிரட்டல் வந்ததும் பெயேர்செபாவுக்கு ஓடி, பணியாளரை அங்கேயே விட்டுவிட்டு, பாலைநிலத்தில் சூரைச்செடியின்கீழ் விழுந்துவிடுகிறார். வந்த வானதூதர், உம் விசுவாசம் இவ்வளவுதானா என்று கேட்கவில்லை. தணலில் சுட்ட அப்பமும் தண்ணீரும் வைத்தார். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடி படுத்துக்கொண்டார், அப்போதும் கடிந்துகொள்ளவில்லை. இரண்டாம் முறை வந்து எழுப்பி, சாப்பிடச் சொன்னார். ஓரேபு மலையும் இறைவனின் குரலும் அதற்குப் பிறகுதான்.

நாமோ, "மனசு சரியில்ல சாமி" என்று ஒருவர் வாய் திறந்ததும் செபமாலையைக் கையில் கொடுத்துவிட்டு நகர்கிறோம். செபமாலை சொல்லுங்கள். கூடவே ஆஸ்பத்திரிக்கும் அழைத்துப் போங்கள்.

நம் பங்கில் தொடங்கவிருக்கும் மனநலப் பணிக்கு முன்மாதிரி கடலூர் மாவட்டத்திலேயே உண்டு. காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவர் தொடங்கிய சினேகா அமைப்பும் பூச்சிமருந்துக்குப் பொதுக் கிடங்கு அமைத்தார்கள். வங்கி லாக்கர் போலப் பூட்டிய பெட்டிகள். பார்த்துக்கொள்ள ஆளும் உண்டு. மருந்து குடித்துச் சாவது அந்த ஊர்களில் குறைந்தது. நம் வீடுகளில் மருந்து எங்கே இருக்கிறது? கூரை எரவாணத்தில், கட்டிலுக்கடியில், பாதி தீர்ந்த பாட்டிலாக. எத்தனையோ பேருக்குச் சாக வேண்டும் என்ற வேகம் சற்று நேரத்தில் தணிந்துவிடும். மருந்து எட்டாத இடத்தில் இருந்தால் அந்த நேரம் கிடைக்கும்.

தற்கொலை செய்துகொண்டவருக்குக் கோயில் மணி அடிக்கக் கூடாது என்று இன்னும் சிலர் என்னிடம் வாதாடுகிறீர்கள். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் அடக்கத் தடை இருந்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லை. கடும் மனநோய் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கிறது என்றே திருச்சபையின் மறைக்கல்வியும் போதிக்கிறது. அதற்குப் பிறகும் அப்படி இறந்தவரின் வீட்டில் பெண் எடுக்கத் தயங்குவது நாம்தான்.

திருப்பலி முடிந்ததும் அன்பியப் பொறுப்பாளர்கள் மண்டபத்துக்கு வாருங்கள். யாரும் அறிவுரை சொல்லப் பழக வேண்டாம். யார் சாப்பிடாமல், தூங்காமல், வாசலுக்கே வராமல் இருக்கிறார் என்று பாருங்கள். அரசு ஆஸ்பத்திரிக்கு அவரோடு பஸ்ஸில் போக ஆள் தேவை, ஓ.பி. சீட்டு வாங்கி, கூடவே உட்கார வேண்டும். நடு இரவில் பயமாக இருந்தால் 14416, டெலி மானஸ் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். நம் பங்கில் அமைக்கும் பூச்சிமருந்துக் கிடங்குக்கு இடம் இன்னும் முடிவாகவில்லை. பள்ளிக்கூடத்துப் பக்கம் வேண்டாம் என்பது என் எண்ணம்; உங்கள் யோசனையையும் சொல்லுங்கள்.