சேர்த்தலும் கேட்டலும்

மனிதன் தான் விரும்பும் பொருளைச் சேர்த்து வைக்கின்றான். நெல்லைச் சேர்த்தால் பஞ்சத்துக்கு உதவும். பொன்னைச் சேர்த்தால் மகளின் திருமணத்துக்கு உதவும். இசையைச் சேர்ப்பவன் எதற்காகச் சேர்க்கின்றான்? அலமாரியில் உறங்கும் இசைத்தட்டு ஒலிப்பதில்லை. ஒலிக்கும்போதும் நாதம் கையில் நிற்பதில்லை. பிறந்த கணத்திலேயே மறைகின்றது. அத்தகைய ஒன்றை உடைமையாக்கிக்கொள்ள முயல்வது அன்பா, ஆசையா? ஒரு வாழ்நாளின் போக்கில் வைத்துப் பார்த்தால் இவ்வினாவுக்கு விடை தெளியும்.

கிடைத்ததைக் கேட்ட காலம்

இந்தியாவில் இசைத்தட்டுத் தயாரிப்பு 1908-இல் கல்கத்தாவில் தொடங்கிற்று. அரக்குக் கலவையால் ஆன அத்தட்டுகள் நிமிடத்துக்கு 78 முறை சுழன்றன. ஒரு பக்கத்தில் அடங்கியது ஏறத்தாழ மூன்று நிமிடப் பாடல். பெட்டிக்குச் சாவி கொடுக்க வேண்டும்; ஊசியை அடிக்கடி மாற்ற வேண்டும்; கை தவறினால் தட்டு உடைந்துபோகும். கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் அப்பெட்டி எல்லார் இல்லத்திலும் இருந்ததில்லை. கல்யாணப் பந்தலிலும் திருவிழாக் காலத்திலும் ஒலிபெருக்கி வழியே காற்றில் வந்ததைத்தான் சிறுவர்கள் கேட்டனர். பாட்டு எப்போது வரும் என்று அறியார். வந்தால் மீண்டும் வருமா என்றும் அறியார். ஆதலால் செவி முழுவதும் விழித்திருந்தது. ஒரு தட்டே நூறு முறை சுழன்றமையால் அதன் கீறலும் பாட்டின் ஓர் அங்கமாயிற்று. உடைமை குறைவு, கேள்வி நிறைவு.

சேர்த்த காலம்

வளர்ந்து, கோவையின் ஆலைகளிலும் பட்டறைகளிலும் வணிகத்திலும் பொருளீட்டத் தொடங்கிய பின் நிலை மாறுகின்றது. இளமையில் எட்டாதிருந்ததை இப்போது விலை கொடுத்து வாங்க இயலும். ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களுக்கு மேல் ஒலிக்கும் நீண்ட இசைத்தட்டு அமெரிக்காவில் 1948-இல் வெளியாகிப் பின்னர் நம் நாட்டுக்கும் வந்தது. 1963-இல் அறிமுகமான ஒலிநாடா எண்பதுகளில் இல்லந்தோறும் பரவிற்று; 1982-இல் குறுந்தகடு தோன்றிற்று. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழையதையே மீண்டும் புதிய வடிவில் வாங்கியவர் பலர். அலமாரி நிறைந்தது. பட்டியலும் எண்களும் வந்தன. பிறர் கை படாதிருக்கப் பூட்டும் வந்தது. பிரித்துப் பாராத உறையும் அங்கே இருந்தது. கிணற்றில் எவ்வளவு நீர் ஊறினும், கவலை இறைத்தால்தான் வயலில் பாயும் என்பதைக் கொங்கு உழவர் அறிவர். இறையாத கிணற்றின் ஆழத்தைப் பேசி மகிழ்வதில் பயிர்க்கு என்ன பயன்?

ஆயினும் சேர்ப்பதையே குற்றம் என்று தள்ளிவிடுதல் நியாயமாகாது. நாடக மேடையின் பெரும்பாடகரான எஸ். ஜி. கிட்டப்பா 1933-இல் இளவயதிலேயே மறைந்தார். காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் அவருடைய துணைவியார். அம்மையார் அதன்பின் பல்லாண்டுகள் மேடையிலும் திரையிலும் பாடினார். கிட்டப்பாவின் குரலோ இசைத்தட்டுகளில் மட்டுமே எஞ்சிற்று. உடையக்கூடிய அத்தட்டுகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் காத்தவர்கள் இல்லையேல், பின்வந்த தலைமுறைக்கு அக்குரல் ஒரு வெறும் புகழ்ச்சொல்லாகவே நின்றிருக்கும். அங்கே சேர்த்தல் ஆசையைக் கடந்து அறமாகின்றது.

நாதமுனிகள் காட்டிய வழி

அப்படியாயின் ஆசைக்கும் அறத்துக்கும் எல்லை எது? வைணவ மரபே இதற்கு ஓர் உயர்ந்த சான்றைத் தருகின்றது. வீரநாராயணபுரத்தில் யாத்திரிகர் சிலர் பாடிய பத்துப் பாசுரங்களை ஸ்ரீமந் நாதமுனிகள் செவிமடுத்தார். அவை ஆயிரத்துள் ஒரு பத்து என்று உணர்ந்ததும் மீதியைத் தேடித் திருக்குருகூர் சென்றார்; நம்மாழ்வார் அருளால் நாலாயிரமும் பெற்றார் என்று குருபரம்பரை கூறும். கொடுமுடியில் எழுந்தருளியிருக்கும் பெருமாளுக்கும் வீரநாராயணர் என்பதே திருநாமம் என்பது கொங்கு நாட்டார்க்கு இனிய ஒற்றுமை.

நாதமுனிகளும் சேர்த்தவரே. ஆனால் அவர் தேடியதன் தொடக்கம் கேட்டல், முடிவு கொடுத்தல். பெற்ற பாசுரங்களுக்குப் பண்ணமைத்து, மருமக்களாகிய கீழையகத்தாழ்வானுக்கும் மேலையகத்தாழ்வானுக்கும் கற்பித்தார். அந்த மரபில் வந்த அரையர் சேவை இன்றும் திருவரங்கத்தில் நிகழ்கின்றது. செவியில் தொடங்கி மற்றொருவர் செவியில் முடியும் சேகரிப்பே அறம். பூட்டில் முடிவது ஆசை.

1963-இல் எம். எஸ். சுப்புலட்சுமி பாடி வெளிவந்த வேங்கடேச சுப்ரபாத இசைத்தட்டும் இவ்வகைக்கு ஒரு சான்று. மணவாள மாமுனிகளின் சீடரான பிரதிவாதி பயங்கரம் அண்ணன் அருளிய துதி அது. அத்தட்டின் உரிமைத்தொகையை அம்மையார் திருப்பதி தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்கே அளித்தார். விலைக்கு வாங்கிய தட்டாயினும், விடியற்காலையில் ஒரு வீட்டில் அது ஒலித்தால் தெருவே கேட்டது.

முதுமையின் தெளிவு

முதுமையில் செவி தளர்கின்றது. மேல் ஸ்தாயியின் நுண்ணொலிகளே முதலில் மங்குகின்றன. குறைந்ததை நினைவு நிரப்புகின்றது. ஆயிரம் தட்டுகளுள் மனம் நாடுவது பத்தோ பன்னிரண்டோதான். மற்றவற்றை என் செய்வது? மக்களிடம் அவற்றைச் சுழற்றும் கருவி இல்லை. விரல்நுனியில் எல்லாப் பாட்டும் கைப்பேசியில் வரும்போது இந்தச் சுமை ஏன் என்று அவர்கள் வினவுகின்றனர். அவ்வினாவில் நியாயம் உண்டு. ஆனால் எல்லாம் வருகின்ற இடத்தில் எதுவும் முழுமையாகக் கேட்கப்படுவதில்லை என்பதும் உண்மையே. முற்காலத்தில் வறுமை விதித்த வரம்பை இக்காலத்தில் கேட்பவனே நோன்பாக விதித்துக்கொள்ள வேண்டும்.

பிரகலாதன் கூறிய ஒன்பது வகைப் பக்தியுள் முதலாவது கேட்டல். அதற்கு அலமாரி வேண்டுவதில்லை. வேறு எண்ணமின்றி ஒதுக்கிய அரைமணி நேரம் வேண்டும். சேர்த்து வைத்தவர் தம் கை நடுங்குமுன் ஒரு பேரனையோ அண்டை வீட்டுச் சிறுமியையோ அருகில் அமர்த்தி, ஒரு தட்டையேனும் முழுமையாகக் கேட்கச் செய்வாராக. எஞ்சியவற்றைப் போற்றிக் காப்பார் கையில் வாழும்போதே ஒப்படைப்பாராக. அன்றே அச்சேகரிப்பு நிறைவு பெறும்.