கோச்சை மாற்றச் சொல்லும் உரிமை

தென்காசிக்காரர் ஒருவர் ஐ.எஸ்.எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து ஆட்டத்தை நேரில் பார்க்க நினைத்தால் இரண்டு ரயில்கள் இருக்கின்றன. பொதிகையில் ஏறினால் சென்னை. பாலருவியில் ஏறினால் செங்கோட்டை, புனலூர் வழியாகக் கொச்சிப் பக்கம். அதனால் இந்த ஊரில் சென்னையின் எஃப்.சி.க்கும் ஆள் உண்டு, கேரளா பிளாஸ்டர்ஸுக்கும் ஆள் உண்டு. ஐந்தருவியில் சாரல் அடிக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் லீக் நடப்பதில்லை. கோச் இருக்கலாமா, போகலாமா என்ற வாக்குவாதம் சூடு பிடிப்பது அந்த ஓய்வுக் காலத்தில்தான். சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒரு மனிதரை அனுப்பிவிடு என்று கேட்க ரசிகருக்கு எந்த அளவு நியாயம் இருக்கிறது?

சென்னையின் அணியிலேயே இதற்குத் தக்க வழக்கு ஒன்று இருக்கிறது. 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா மைதானத்தில், சொந்த ஊர்க் கூட்டத்தின் முன்னால் ஆடிய பெங்களூரு அணியை 3-2 என்று வென்று சென்னையின் எஃப்.சி. ஐ.எஸ்.எல் கோப்பையைத் தூக்கியது. சுனில் சேத்ரி முதலில் கோல் அடித்துவிட, மைல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டி இரண்டு கோல் போட்டார். கோச் ஜான் கிரெகரி அன்று தெய்வம். அடுத்த சீசனில் அதே கிரெகரியின் அணி 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றி, 9 புள்ளி, பட்டியலில் கடைசி இடம். நிர்வாகம் அவரை மாற்றவில்லை. 2019 நவம்பர் கடைசியில், புதிய சீசனின் ஆறு ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி கிடைத்திருந்த நிலையில், அவர் விலகினார். ஓவன் கோய்ல் வந்தார். அதே அணி 2020 மார்ச்சில் இறுதி ஆட்டம் வரை போய், ஏ.டி.கே.விடம் தோற்றது.

‘முன்பே மாற்றியிருந்தால் ஒரு வருஷம் வீணாகியிருக்காது’ என்பவர்களுக்கு இது சாட்சி. ஆனால் எதிர்த்தரப்பும் வெறுங்கையோடு நிற்கவில்லை. கோய்லுக்குக் கோல் மழை பொழிந்த வால்ஸ்கிஸும், கிரிவெல்லாரோவும், ஷெம்ப்ரியும் கிரெகரி இருந்தபோது சேர்ந்தவர்கள். கடைசி இடத்துக்கு விழுந்த அந்த சீசனில் நடுக்களத்தைத் தாங்கிய தனபால் கணேஷ் காயத்தால் வெளியே இருந்தார். கோப்பை வென்ற கேப்டன் செரினோவும் அணியில் இல்லை. இரண்டு தரப்பு சொல்வதும் உண்மை. பின்னால் வந்த முடிவை வைத்து முன்னால் எழுந்த கோரிக்கை நியாயமா என்று தீர்க்க முடியாது. கேட்ட அன்று என்ன தெரிந்திருந்தது, அந்த மனிதர் கையில் என்ன கொடுக்கப்பட்டது, அதை வைத்து அவர் என்ன செய்தார் என்பதை வைத்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

பொறுமை காக்கச் சொல்பவர்கள் எப்போதும் மான்செஸ்டர் யுனைடெட்டின் அலெக்ஸ் ஃபெர்குசனைக் கூட்டி வருவார்கள். 1989 டிசம்பரில் ஓல்டு டிராஃபோர்டில் ஒருவர் ‘மூன்று வருஷச் சாக்குப்போக்கு போதும்’ என்ற பொருளில் பதாகை விரித்தார். 1990இல் எஃப்.ஏ கோப்பை வந்தது; பிறகு 13 லீக் பட்டங்கள். நல்ல கதைதான். ஆனால் பொறுத்துப் பார்த்தும் ஒன்றும் தேறாமல் போன கோச்களை யாரும் உதாரணம் காட்டுவதில்லை. பொறுமை தன்னளவில் அறமாகிவிடாது. ஓர் ஆட்டக்காரருக்குக் கால்பந்தில் கிடைக்கும் ஆண்டுகள் கொஞ்சம். தவறான கோச்சின் கீழ் பெஞ்சிலேயே உட்கார்ந்து அதில் இரண்டைக் கழிக்கும் இளைஞருக்கும் பிழைப்பு இருக்கிறது. ஆகவே ‘மாற்றுங்கள்’ என்று கேட்பதை நன்றிகெட்டதனம் என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் இங்கே ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். இங்கிலாந்தின் முதன்மைப் பிரிவில் கடைசி மூன்று இடங்களில் முடித்தால் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். வருமானம் சரியும், அலுவலக ஊழியர்களின் வேலைக்கும் ஆபத்து வரும். சீசன் நடுவில் அவசரமாக கோச்சை அனுப்புவதற்கு அங்கே அப்படி ஒரு காரணமாவது உண்டு. ஐ.எஸ்.எல்.லில் 2024-25 சீசன் வரை கடைசியில் முடித்தவர்கள் யாரும் கீழே இறக்கப்பட்டதில்லை. பதறியடித்து ஒருவரின் வேலையைப் பறிக்க இங்கே அந்தச் சாக்கு இருந்ததில்லை. விசாரிக்க நேரம் இருந்தது. நேரம் இருந்தும் விசாரிக்காமல் தீர்ப்பு எழுதுவது அநியாயம்.

விசாரித்தால் கேள்வி கோச்சோடு நிற்காது. 2020க்கும் 2023க்கும் இடையில் சென்னையினுக்கு லாஸ்லோ, பாண்டோவிச், பிர்டாரிச் என்று சீசனுக்கு ஒருவர் வந்து போனார்கள். 2023இல் கோய்ல் திரும்பி வந்தார்; 2024-25 சீசனில் 13 அணிகளில் 11ஆவது இடம்; அவரும் போனார். இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனவரும் இவர், 11ஆம் இடத்தில் விட்டவரும் இவர். ஆளைத் தேர்ந்தெடுப்பதும், வீரர்களை வாங்கப் பணம் ஒதுக்குவதும் மேலே இருப்பவர்கள். ஒவ்வொரு முறையும் கோச் ஒருவரே பலியாடானால், அவர்கள் பதில் சொல்லாமல் தப்பிவிடுவார்கள்.

இந்த இடத்தில் மலைக்கு அந்தப் பக்கத்துக் கேரள ரசிகர்களைப் பாராட்ட வேண்டும். 2024 டிசம்பரில் பிளாஸ்டர்ஸ் தொடர்ந்து தோற்றபோது அதன் ரசிகர் குழுவான மஞ்ஞப்படை தன் எதிர்ப்பை நிர்வாகத்தை நோக்கித் திருப்பியது. அதே மாதம் கோச் மிக்கேல் ஸ்டாரே நீக்கப்பட்டார். அதோடு அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. கோபம் சரியான வாசலில் போய் நின்றது.

ஆனால் ரசிகர்கள் ஒருவரையொருவர் நடத்தும் விதம் வருத்தம் தருகிறது. 2017 மார்ச்சில் வெஸ்ட் பிராம்விச் மைதானத்துக்கு மேலே இரண்டு விமானங்கள் பறந்தன. ஒன்று ஆர்சனல் கோச் வெங்கருக்குப் புதிய ஒப்பந்தம் கூடாது என்ற பதாகையை இழுத்துப் போனது. மற்றது அவர்மேல் நம்பிக்கை இருப்பதாகச் சொன்னது. கருத்தோடு கருத்து மோதியதில் குற்றமில்லை. கோச் இருக்கட்டும் என்பவரை ‘ஜால்ரா’ என்பதும், போகட்டும் என்பவரைத் ‘துரோகி’ என்பதும், கோச்சின் வீட்டுப் பெண்களை வாய்க்கு வந்தபடி பேசுவதும் குற்றம். அதற்குத் தோல்வியின் வலி சமாதானமாகாது. வலிக்கிற இடம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

கோச் வேண்டாம் என்று பதாகை எழுதுகிறவர்கள் தாராளமாக எழுதட்டும். அதே துணியில் நிர்வாகத்துக்கும் இடம் விடுங்கள்: இவரை ஏன் எடுத்தீர்கள், இவருக்கு என்ன கொடுத்தீர்கள், அடுத்து வருபவருக்கு என்ன கொடுக்கப் போகிறீர்கள்?