அலை தரும் பாடம்



எல்லாம் வல்ல அல்லாஹ் படைத்த கடலை நாம் அன்றாடம் பார்க்கிறோம். பார்ப்பது வேறு, சிந்திப்பது வேறு. இன்று அலையைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

கடலில் மிதக்கும் தக்கையைக் கவனியுங்கள். அலை வந்ததும் மேலே எழும். அலை கடந்ததும் கீழே இறங்கும். ஏறத்தாழ இருந்த இடத்திலேயே நிற்கும். ஆக, நடுக்கடலில் அலை சுமந்து செல்வது தண்ணீரை அல்ல, சக்தியை! மேடும் பள்ளமும் சேர்ந்ததே ஓர் அலை. ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் உள்ள தூரமே அலைநீளம்.

கடலடி நிலநடுக்கத்தால் எழும் சுனாமியின் அலைநீளம் நூறு கிலோமீட்டரையும் தாண்டும். 4,000 மீட்டர் ஆழத்தில் அது மணிக்குச் சுமார் 700 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அங்கே அதன் உயரம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்கும் குறைவு. கப்பலில் இருப்போர் உணர்வதில்லை. கரையருகே ஆழம் குறையக் குறைய வேகம் தணியும், உயரம் பெருகும்.

பள்ளம் முதலில் வந்தால் கடல் உள்வாங்கும். 2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்துக் கரையில் அப்படித்தான் நடந்தது. வேடிக்கை பார்க்கச் சென்ற பலர் மீளவில்லை. இலங்கைக்கும் தமிழகத்துக்கும் சுமார் இரண்டு மணி நேரத்தில் மேடே முதலில் வந்தது.

சுமத்ராவை அடுத்த சிமலூ, முஸ்லிம்கள் வாழும் தீவு. 1907ஆம் ஆண்டுப் பேரலையில் பலரை இழந்த அம்மக்கள், பூமி பலமாக அதிர்ந்து கடல் உள்வாங்கினால் குன்றுக்கு ஓட வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். 'ஸ்மோங்' என்பது அவர்கள் இட்ட பெயர். 2004இல் அங்கிருந்த சுமார் 78,000 பேரில் மாண்டவர் ஏழு பேர் மட்டுமே!

விதி என்று கைகட்டி நிற்பது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிய பிறகே அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி கற்பிக்கப்பட்டவர்கள் நாம். கரையோரத்தில் வாழும் நாம், பூமி பலமாக அதிர்ந்தால் கடல் உள்வாங்கட்டும் என்று காத்திராமல் மேட்டுக்குச் செல்ல வேண்டும். தொலைவில் நிகழும் நடுக்கம் நமக்குத் தெரியாமலும் போகலாம். ஆகவே அதிகாரிகளின் எச்சரிக்கையை அலட்சியம் செய்யலாகாது. முதல் அலையோடு ஆபத்து முடிவதில்லை. அடுத்தது இன்னும் பெரிதாக வரலாம்.

மஃரிபுக்குப் பின் ஓத அமரும் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லிக் கொடுப்போம். ஓர் உயிரைக் காக்கும் இல்மும் நன்மையே.

பயனுள்ள கல்வியை நமக்கும் நம் சந்ததிக்கும் அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.